நாற்று முளைக்கவில்லை, வாடுகிறது, மஞ்சளாகிறது: மண்ணைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நாற்று வாடியதைக் கண்டதும் கை பூவாளியைத் தேடுகிறது. மஞ்சளைக் கண்டதும் உரத்தைத் தேடுகிறது. பழுதான நாற்றங்கால்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நோய் செய்த சேதத்தைவிட இந்த அவசரம் செய்த சேதத்தையே அதிகம் காண்கிறேன். மணலில் வாடும் நாற்றுக்குத் தண்ணீர் மருந்து. களிமண்ணில் வாடும் நாற்றுக்குப் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் நோய். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் மண் மாறினால் செய்ய வேண்டியது நேரெதிராகிவிடும்.

ஆகவே எந்த அறிகுறிக்கும் முதல் வேலை ஒன்றுதான். எதையும் ஊற்றாமல், தூவாமல், பாதிக்கப்பட்ட நாற்று ஒன்றையும் நன்றாக இருக்கும் நாற்று ஒன்றையும் மண்ணோடு தோண்டி எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் சல்லிவேர் மண்ணிலேயே தங்கிவிடும். பார்க்க வேண்டியதே அதைத்தான்.

முதலில்: கையில் இருப்பது எந்த மண்?

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை நீர் விட்டுப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்தி நாடா போலத் தள்ளுங்கள்.

- உருண்டையே பிடிக்கவில்லை, விரலில் நறநறக்கிறது: மணல்.
- 2.5 செ.மீ. நீள்வதற்குள் நாடா அறுந்துவிடுகிறது: மணல் கலந்த மண் அல்லது நல்ல இருமண் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்தது).
- 2.5 முதல் 5 செ.மீ. வரை நீள்கிறது: களி கலந்த இருமண்.
- 5 செ.மீ.க்கு மேல் அறாமல் நீள்கிறது, பளபளக்கிறது: களிமண்.
- நாடா நீளவில்லை, ஆனால் மாவைப் போல வழுவழுப்பாக இருக்கிறது: வண்டல். பொருக்குத் தட்டும் (மேற்பரப்பு ஓடாக இறுகும்) மண்ணில் முதலிடம் இதற்குத்தான்.

இன்னொரு சோதனையையும் இப்போதே முடித்துவிடுங்கள். உலர்ந்த மண்ணில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. மஞ்சள் நிறப் பிரச்சினைக்கு வரும்போது இந்த விடை தேவைப்படும்.

அறிகுறி 1: விதைத்து நாளாகியும் முளை வெளியே வரவில்லை

விதை கெட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் வரிசையில் மூன்று நான்கு இடங்களில் விரலால் கிளறி விதையைத் தேடுங்கள். விதை இருக்கும் நிலையே பாதி விடையைச் சொல்லிவிடும்.

*விதை போட்டபடியே கடினமாக இருக்கிறது*

ஈரம் எட்டவில்லை. மணலிலும் தென்னை நார்க்கழிவுக் கலவையிலும் இதுதான் வழக்கம்: மேல் ஒரு செ.மீ. நனைந்திருக்கும், விதை கிடக்கும் ஆழம் வறண்டிருக்கும். மண்ணின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். 5 நொடிக்கு மேல் முத்தாகவே நின்றால் அந்த மண் நீரை ஏற்க மறுக்கிறது. வேகமாக ஊற்றினால் ஓரமாக ஓடிவிடும். குழித்தட்டாக இருந்தால், மேற்பரப்பு கறுத்து வரும்வரை நீர் நிரம்பிய தட்டில் வைத்து அடியிலிருந்து ஊற விடுங்கள். பாத்தியாக இருந்தால் மெல்லிய தூறலாக, இடைவெளி விட்டு, பல தடவை நனையுங்கள்.

ஈரம் சரியாக இருந்தும் விதை அப்படியே கிடந்தால் வெப்பத்தைப் பாருங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் மண்வெப்பம் ஏற்றது. லெட்யூஸ் கீரை இதற்கு நேர்மாறு. மண்வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் உறங்கிவிடும். ஈரக் களிமண் சூடேற நாளாகும். மணல் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். சமையலறை வெப்பமானி ஒன்றை விதை ஆழத்தில் செருகினால் போதும்.

*விதை ஊதி, அமுக்கினால் கூழாகி, நாற்றமடிக்கிறது*

காற்றில்லாமல் அழுகியிருக்கிறது. களிமண், அல்லது அளவுக்கு மீறிய நீர், அல்லது இரண்டும். அந்தப் பாத்தியில் இப்போதைக்கு நீர் விடுவதை நிறுத்துங்கள். மறுபடி விதைக்கும்போது பாத்தியை 15 செ.மீ. உயர்த்துங்கள். விதையின் கனத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆழம் வேண்டாம். மணலில் மூன்று மடங்கு வரை போகலாம்.

*முளைத்திருக்கிறது, ஆனால் மண்ணுக்கடியில் வளைந்து, சுருண்டு கிடக்கிறது*

இதுதான் பொருக்கு. மழைத்துளியோ பூவாளியின் கனத்த நீரோ மேல்மண்ணை உடைத்துக் குழம்பாக்குகிறது. பிறகு வெயில் அதை ஓடாக்குகிறது. வண்டலிலும் மட்கு குறைந்த களி கலந்த மண்ணிலும் இது அடிக்கடி வரும். நகத்தால் மேற்பரப்பைத் தூக்கிப் பார்த்தால் பலகை போலத் துண்டாக வரும். அடியில் வெளுத்த தண்டு முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது. உயிரோடு இருக்கும் நாற்று அது. அன்றைக்கே கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். முதலில் மேல் ஓட்டை மெல்லிய தூறலால் நனைத்து இளக்குங்கள். முளை முழுவதும் வெளிவரும்வரை அது மறுபடி காயக் கூடாது. இளகவில்லை என்றால், முளைக்கு மேல் படாமல் வரிசைகளுக்கு நடுவே முள்கரண்டியால் கீறி விடுங்கள். அடுத்த விதைப்பில் விதை வரிசையை அதே மண்ணால் மூடாமல் சலித்த மட்கு உரத்தாலோ ஊறவைத்த நார்க்கழிவாலோ மூடுங்கள். இந்த ஒரு மாற்றமே பொருக்குத் தொல்லையின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகிறது. பூவாளித் தலையையும் நுண்துளை உள்ளதாக மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் நிலம் சிமென்ட் தளம்போல் இறுகினால் களர் தன்மையை (மண்ணில் சோடியம் மிகுந்த நிலையை) சந்தேகியுங்கள். ஐந்தாம் அறிகுறிக்குப் போங்கள்.

*விதையே இல்லை*

எறும்பு, பறவை, எலி. மண்ணின் மேல் பழி போடாதீர்கள், வலை போடுங்கள்.

அறிகுறி 2: முளைத்த நாற்று தரைமட்டத்தில் மடிந்து சாய்கிறது

சாய்ந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள்.

தண்டு நீர்கோத்து, பழுப்பேறி, நூலாக இளைத்திருந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் மண்ணிலிருந்தே வருகின்றன. ஓரிடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவுவது இதன் அடையாளம். சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றுங்கள். நீரைக் குறையுங்கள், காலையில் மட்டும் விடுங்கள், நெருக்கத்தைக் கலைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். களிமண் பாத்தியில் மேற்பரப்பு ஒருபோதும் உலராததே இதற்கு வாசலைத் திறந்துவிடுகிறது. மேலே மெல்லிய மணல் அடுக்கு தூவினால் தண்டைச் சுற்றி உலர்வாக இருக்கும்.

மறு விதைப்புக்கு முன் குழித்தட்டுகளைக் கழுவி, வீட்டு ப்ளீச் 1 பங்குக்கு நீர் 9 பங்கு கலந்து 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையில் புரட்டி விதைக்கலாம். நிலத்து நாற்றங்காலாக இருந்தால், வெயில் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் விரிப்பால் ஓரம் புதைத்து 4 முதல் 6 வாரம் மூடிவைப்பது நல்ல பலன் தரும். கறுப்பு விரிப்பு இந்த வேலைக்கு ஏற்றதன்று.

நாற்றழுகலைப் போலவே தோன்றும் இரண்டு உண்டு. தண்டின் வெயில் படும் பக்கத்தில் மட்டும் உலர்ந்து வெளுத்த தழும்பு இருந்தால் அது வெப்பக் காயம். நண்பகலில் உலர்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். நிழல்வலையும் மூடாக்கும் போதும், பூஞ்சைக்கொல்லி வேண்டாம். தண்டு வெட்டியதுபோலத் துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழு. பக்கத்து மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும்.

புதிய கலவை, கழுவிய தட்டு, புதிய விதை மூன்றையும் மாற்றிய பிறகும் அடுத்த விதைப்பு சாய்ந்தால் பயிர் நோய் ஆய்வகத்துக்கு நாற்றை எடுத்துப் போங்கள். இறந்ததை விட்டுவிட்டு, இப்போதுதான் சாயத் தொடங்கியதை மண்ணோடு கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி 3: வாடுகிறது

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரமா, இல்லையா என்பதில் பாதை இரண்டாகப் பிரிகிறது.

*ஈரம் இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது*

வேரை நீரில் அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெண்மையாக, விறைப்பாக இருக்கும். பழுப்பேறி, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நடுவே நூல் மட்டும் நின்றால் வேரழுகல். மண்ணில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று எப்போதோ தீர்ந்துவிட்டது என்று பொருள்.

நீரை நிறுத்துங்கள். பாத்தி ஓரத்தில் வாய்க்கால் கீறி நின்ற நீரை வெளியேற்றுங்கள். பாதி நாற்றாவது நல்ல வேரோடு இருந்தால் உயர்த்திய பாத்திக்கு மாற்றி நட்டுவிடுங்கள்.

பிறகு வடிகாலைச் சோதியுங்கள். 30 செ.மீ. ஆழக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அந்த இடம் நாற்றங்காலுக்கு ஆகாது. 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் நீரும் உரமும் தங்காத மண். அங்கே மட்கும் அடிக்கடி நீரும் தேவை.

இந்த இடத்தில் பலர் செய்யும் இரண்டு வேலைகளைத் தடுக்க வேண்டியிருக்கிறது. களிமண்ணைத் திருத்த ஒரு கூடை மணல் கொட்டாதீர்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் மணலாக இருந்தால்தான் பயன் தெரியும். அதற்குக் குறைந்தால் களியும் மணலும் சேர்ந்து செங்கல்லாக இறுகும். நன்கு மட்கிய உரமே களிமண்ணைப் பொலபொலப்பாக்கும். இரண்டாவது, தொட்டியின் அடியில் சரளைக்கல் அடுக்காதீர்கள். நுண்ணிய மண்ணிலிருந்து நீர் கீழே உள்ள பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் உயர்ந்துவிடும். தொட்டித் துளை அடைபடாமல் இருந்தால் போதும்.

ஒரு கம்பியை நிலத்தில் அழுத்தும்போது பல இடங்களிலும் ஒரே ஆழத்தில் முட்டி நின்றால் அடியில் கடினத்தட்டு இருக்கிறது. கை மண்வெட்டிக்கு எட்டாத ஆழம் என்றால் ஆழ உழும் கருவி உள்ளவரை அழைப்பதே சரி.

*ஈரம் இல்லை*

மணலில் ஒரே தடவையில் நிறைய ஊற்றுவது வீண். குறைந்த அளவில் அடிக்கடி விடுங்கள். களிமண்ணில் இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி விடுங்கள்.

நட்ட முதல் இரண்டு வாரத்தில் மட்டும் வரும் வாடல் ஒன்றுண்டு. அதை அடையாளம் காண்பது கடினம். நார்க்கழிவில் வளர்ந்த நாற்றைக் களிமண்ணில் நட்டிருப்பீர்கள். சுற்றிலும் மண் ஈரமாகவே இருக்கும். நாற்றின் வேர்க்கட்டி மட்டும் உள்ளே காய்ந்திருக்கும், ஏனெனில் களிமண் தன் ஈரத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. வேர்க்கட்டிக்குள்ளேயே விரலை விட்டுப் பாருங்கள். வேர் வெளியே பரவும்வரை நீரைத் தண்டின் அடியில், வேர்க்கட்டியின் மேலேயே விடுங்கள்.

நண்பகலில் தளர்ந்து மாலையில் நிமிரும் நாற்றுக்கு எதுவும் செய்ய வேண்டாம். காலையிலும் வாடியிருந்தால்தான் பழுது.

அறிகுறி 4: மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சள் என்பதே கேள்வி.

வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இலை) மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது, மேலே உண்மையிலைகள் பச்சையாக இருக்கின்றன: இயல்பு. விட்டுவிடுங்கள்.

அடி இலைகள் சீராக வெளுக்கின்றன: தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. மணலில் நீரோடு இறங்கிப் போயிருக்கும். மட்காத மரத்தூளோ வைக்கோலோ கலந்த மண்ணில், அவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கும். களிமண்ணில் நீர் தேங்கியிருந்தால் முதலில் மூன்றாம் அறிகுறியைச் சரிசெய்யுங்கள். அழுகிய வேருக்கு உரம் ஏறாது. வேர் நன்றாக இருந்தால் நீரில் கரையும் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை முதல் 1 கிராம் கலந்து விடுங்கள். ஒரு வாரத்தில் புதிய இலைகளின் நிறத்தைப் பாருங்கள்; பழைய இலைகள் முழுதும் தேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடி இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி மட்டும் வெளுத்தால் மக்னீசியம். அமில மணலில் வரும்.

குருத்து இலைகளில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள்: இரும்புச்சத்து. வினிகருக்கு நுரைத்த மண்ணா? அப்படியானால் இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காத நிலை. மண்ணில் இரும்பு சல்பேட் கொட்டுவது வீண். லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கலந்து, மாலையில், முதலில் சில நாற்றுகளில் மட்டும் இலைவழியாகத் தெளித்துப் பாருங்கள். இலை கருகாமல் பச்சை திரும்பினால் மற்றவற்றுக்கும் தெளியுங்கள். மண்ணில் இடத்தான் வேண்டுமென்றால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புக் கூட்டு (இரும்பை வேருக்குக் கிடைக்கும் நிலையில் வைத்திருக்கும் சேர்மம்) வாங்குங்கள். விலை குறைந்த இ.டி.டி.ஏ. வகை காரமான மண்ணில் நிலைக்காது. நுரைக்கும் மண்ணைக் கந்தகத்தால் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், சுண்ணாம்பு முழுவதும் தீரும்வரை கார நிலை இறங்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்றுக்கு மட்டுமென்றால் கலவையை மாற்றுவதே மலிவு.

இலையின் அடிப்புறம் ஊதாவாக மாறினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. ஆனால் மண் குளிர்ந்திருந்தாலும் அதே நிறம் வரும். மண் சூடேறியும் நிறம் மாறவில்லை என்றால் மட்டும் உரத்தைப் பற்றி யோசியுங்கள்.

அறிகுறி 5: இலை நுனி கருகல், மண்மேல் வெண்படிவு

உப்பு. எளிய காரணத்திலிருந்து போவோம்.

உரம் மிகுந்ததா, மட்காத எருவா? கலவையை முகர்ந்து பாருங்கள். கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாடை வந்தால் அது இன்னும் மட்கவில்லை. நார்க்கழிவு கழுவாததா? கழுவாத நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் இருக்கும். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக விட்டு அலசி வடியவிடுங்கள். மின்கடத்தும் திறன் காட்டும் பேனாக் கருவி இருந்தால் வடியும் நீரை அளக்கலாம்; மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸுக்கு (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் அலகு) மேல் காட்டினால் இன்னும் அலச வேண்டும். பாசன நீரையும் அளந்துவிடுங்கள். உப்பு நீரால் உப்பை அலச முடியாது.

நிலமே வெள்ளை பூத்திருந்தால் அது உவரா (கரையும் உப்பு மிகுந்தது), களரா (சோடியம் மிகுந்தது) என்று பிரிக்காமல் ஒரு மூட்டை ஜிப்சம்கூட வாங்காதீர்கள். உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் மழைநீரிலோ வாலைவடிநீரிலோ அசைக்காமல் இட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் படர்ந்து தெளியாமல் நின்றால் களர். நீர் தெளிவாகவே இருந்து, நிலத்தில் வெண்படிவும் இருந்தால் உவர்.

உவர் நிலத்துக்குத் தேவை நல்ல நீரும் வடிகாலும், ஜிப்சம் தேவையில்லை. களர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டும், பிறகு நீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் இரண்டு வைத்தியமும் பலிக்காது. அதுவரை நாற்றைத் தட்டுகளில் வேறு கலவையில் வளர்த்துக்கொள்ளுங்கள். முளைக்கும் பருவத்தில் உப்பைத் தாங்கும் சக்தி பல பயிர்களுக்குக் குறைவு. 4 டெசிசீமன்ஸைத் தாண்டிய நிலத்தை உவர் என்கிறோம். பீன்ஸ் 1 தாண்டியதுமே தளரத் தொடங்கிவிடும். கார அமில நிலை (pH) 8.5க்கு மேல் காட்டினால் நிபுணரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. ஜிப்சத்தின் அளவை ஆய்வக முடிவு சொல்ல வேண்டும்.

அறிகுறி 6: சாகவும் இல்லை, வளரவும் இல்லை

வேரின் வடிவத்தைப் பாருங்கள்.

ஓர் ஆழத்தில் வேர் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தால் மண் இறுகியிருக்கிறது. களிமண்ணை ஈரத்தில் கொத்தியதோ மிதித்ததோ காரணமாக இருக்கும். இனி கொத்துவதற்கு முன் 10 செ.மீ. ஆழத்து மண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டுங்கள்: உதிர்ந்தால் பதம், விரல் தடம் மட்டும் பதிந்தால் காத்திருங்கள்.

வேர் குட்டையாக, தடித்து, சல்லிவேரே இல்லாமல் இருந்தால் அமில மண்ணைச் சந்தேகியுங்கள். கார அமில நிலை 5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். சுண்ணாம்பு இடலாம், ஆனால் அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். நிற்கும் நாற்றுக்கு உதவாது.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். எளிதில் கழன்று, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்து, பயிரும் பயறு வகையாக இருந்தால் அது நல்ல வேர்முண்டு. வேரே வீங்கியிருந்து கழலாவிட்டால் வேர்முடிச்சு நூற்புழு. மணற்பாங்கான நிலத்தில் அதிகம். அந்த நாற்றை வேறெங்கும் நடாதீர்கள், மண்ணையும் கொண்டுபோகாதீர்கள். நூற்புழு உறுதியானால் நிபுணரிடம் பேசிவிட்டே அடுத்த பயிரை முடிவு செய்யுங்கள்.

குருத்து கிண்ணம்போல் சுருண்டு, இலை முறுக்கிக்கொண்டு, அண்மையில் வெளியிலிருந்து எருவோ மட்கு உரமோ வந்திருந்தால் அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லி எச்சம் இருக்கலாம். கால்நடையின் வயிற்றிலும் உரக்குழியிலும் இவை எளிதில் சிதையாது. சந்தேகமுள்ள உரத்தில் மூன்று தொட்டி, நம்பகமான கலவையில் மூன்று தொட்டி பீன்ஸ் விதைத்து மூன்று வாரம் ஒப்பிடுங்கள். முதல் மூன்றில் மட்டும் சுருண்டால் மீதி உரத்தை நிலத்தில் பரப்ப வேண்டாம்.

நாற்று ஒல்லியாக நெடுநெடுவென்று போனால் அது வெளிச்சக் குறைவு. மண்ணைத் தொடாதீர்கள்.

ஆய்வகத்துக்கு மண் எடுக்கும்போது

நல்ல பகுதிக்கு ஒரு மாதிரி, கெட்ட பகுதிக்கு ஒரு மாதிரி எனத் தனித்தனியாக எடுங்கள். இரண்டையும் கலந்தால் முடிவு யாருக்கும் உதவாது. குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஒவ்வொரு பகுதியிலும் 8 முதல் 10 இடங்களில், மேற்சருகை நீக்கி, 15 செ.மீ. ஆழம்வரை சீவி எடுங்கள். எருக்குழி, வரப்பு, மரநிழல் வேண்டாம். துத்தநாகப் பூச்சு வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி எடுங்கள். உரச் சாக்கில் கட்டவும் கூடாது. மண்ணைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அரை கிலோவாகக் குறையும்வரை அப்படியே தொடருங்கள். நிழலில் உலர்த்துங்கள். சீட்டில் பயிரின் பெயர், கடைசியாக இட்ட உரம், வினிகர் சோதனையின் விடை, வடிகால் குழியில் மணிக்கு எத்தனை செ.மீ. இறங்கியது ஆகிய நான்கையும் எழுதி உள்ளே வையுங்கள்.